கிளப் யாருக்குச் சொந்தம்?

கொல்கத்தா கால்பந்து ரசிகர்கள் கேட்கும் கேள்வி

கொல்கத்தாவில் இருந்து நமது நிருபர்

2019-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந் தேதி, சனிக்கிழமை. தெற்கு கொல்கத்தாவில் ஒரு பழைய மாடி வீடு. டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் தமிழன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்காரர் எங்கள் ரெயில்வே அலுவலகத்தில் எனக்கு மூத்த குமாஸ்தா. எல்லோரும் அவரை 'தாதா' என்று அழைப்போம். நம் ஊரில் தாதா என்றால் அடிதடி ஆசாமி. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். ஊர் விட்டு ஊர் வந்த எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான், கால்பந்து பார்க்கக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

அன்று 'ஐ லீக்' போட்டியின் கடைசி நாள். இரண்டு ஊர்களில் இரண்டு ஆட்டங்கள். கோழிக்கோட்டில் தாதாவின் உயிரான ஈஸ்ட் பெங்கால் அணி, கோகுலம் கேரளா அணியுடன் மோதியது. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி, பஞ்சாபின் மினர்வா அணியுடன் மோதியது. ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது. ஆனால் கோவையில் சென்னை சிட்டி 3-1 என்று ஜெயித்துவிட்டது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கோவைக்குப் போனது.

ஜெயித்தால் கொடுப்பதற்கு என்று தாதா ஒரு சட்டி ரசகுல்லா வாங்கி வைத்திருந்தார். அதை அப்படியே தூக்கி என் மடியில் வைத்தார்.

"உங்க ஊர்க்காரங்க ஜெயிச்சுட்டாங்க, தம்பி. நீதான் சாப்பிடணும்" என்றார். அவர் கண் கலங்கி இருந்தது.

அந்த ரசகுல்லாவை நான் எப்படி விழுங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோப்பையை வென்ற சென்னை சிட்டி, 2021-22 பருவத்தில் ஐ லீக்கிலேயே இல்லை. தோற்ற ஈஸ்ட் பெங்கால், அதற்குள் இரண்டாவது முதலாளியைப் பார்த்துவிட்டு மூன்றாவது முதலாளியைத் தேடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அழியவில்லை. ஏன்? அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மீனும் இறாலும்

கொல்கத்தாவில் கால்பந்து வெறும் விளையாட்டு அல்ல. ஒருவர் எந்த அணி என்று தெரிந்தால், அவர் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

மோகன் பகான் கிளப் 1889-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ஈஸ்ட் யார்க்ஷயர் அணியை 2-1 என்று தோற்கடித்தது. மோகன் பகான் வீரர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். சுதந்திரத்துக்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த வெற்றி என்று இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

ஈஸ்ட் பெங்கால் 1920-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி பிறந்தது. ஜோராபகான் என்ற கிளப், கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த ஒரு வீரரை ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கியது. அந்த அவமானத்தில் இருந்து எழுந்த கிளப் இது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தில் இருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தார்கள். வீடும் நிலமும் போய்விட்டது. இந்த நகரில் 'நம்முடையது' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இருந்தது ஈஸ்ட் பெங்கால் கிளப்.

தாதாவின் தகப்பனாரும் அப்படி வந்தவர்தான். ரேஷன் கார்டு வாங்குவதற்கு முன்பே கிளப் உறுப்பினர் கார்டு வாங்கியவர் என்று தாதா பெருமையாகச் சொல்வார்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அந்த வீடுகளில் 'இலிஷ்' மீன் குழம்பு கொதிக்கும். மோகன் பகான் ஜெயித்தால் மற்ற வீடுகளில் இறால். 1997-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோது 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் கூடினார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

இந்த வெறிக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1980-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் கார்டன் மைதானத்தில் நடந்த ஆட்டத்தின்போது கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள்.

பணம் வந்தது

இந்தக் கிளப்புகளுக்கு ஆதியில் முதலாளி என்று யாரும் கிடையாது. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். தேர்தல் நடக்கும். செயலாளர், பொருளாளர் எல்லாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். நம் ரெயில்வே ஊழியர் கூட்டுறவு நாணயச் சங்கம் எப்படியோ, அப்படித்தான். மைதான் பகுதியில் உள்ள அவர்களின் அலுவலகத்துக்கு 'டென்ட்' என்று பெயர். பெயர்தான் கூடாரம். உள்ளே கட்டிடம், கோப்பைகள் வைக்கும் அறை எல்லாம் உண்டு.

ஆனால் காலம் மாறியது. வீரர்களின் சம்பளம் ஏறியது. சந்தாப் பணம் போதவில்லை. 1998-ம் ஆண்டு பெங்களூரின் யுனைடெட் புருவரீஸ் நிறுவனம் உள்ளே வந்தது. இரண்டு பரம எதிரிகளிலும் பாதிப் பங்கை ஒரே நிறுவனம் எடுத்துக்கொண்டது! ஒரு அணியின் பெயருக்கு முன்னால் 'கிங்பிஷர்'. இன்னொரு அணியின் பெயருக்கு முன்னால் 'மெக்டவல்'.

2014-ம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் என்ற புதிய போட்டி தொடங்கியது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் அணிகளில் பங்கு எடுத்தார்கள். நூறாண்டு பழமையான கிளப்புகள் வாசலில் நின்றன. 2019-ம் ஆண்டு அந்தப் போட்டியே நாட்டின் முதல் தரப் போட்டி என்று முடிவானது. அதில் சேர ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் கட்டவேண்டி இருந்தது. பணக்காரர் கையைப் பிடிக்காமல் இனி பிழைக்க முடியாது என்ற நிலை வந்தது.

கையெழுத்துச் சண்டை

2018-ம் ஆண்டு ஈஸ்ட் பெங்காலில் பெங்களூரைச் சேர்ந்த குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்கு எடுத்தது. கோவையிடம் ஒரு புள்ளியில் கோப்பையை இழந்தது இவர்கள் காலத்தில்தான். பிறகு கிளப் நிர்வாகிகளுக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துப் போகவில்லை. 2020-ம் ஆண்டு குவெஸ் விலகியது.

அந்தக் காலத்துச் சம்பளப் பாக்கி பின்னால் வந்து நின்றது. கோஸ்டாரிகா நாட்டுக்காக உலகக் கோப்பையில் ஆடிய ஜானி அகோஸ்டா, தனக்கு வரவேண்டிய சம்பளத்துக்காக உலகக் கால்பந்து சங்கத்திடம் முறையிட்டார். பாக்கியைக் கொடுக்கும் வரை புதிய வீரர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2021-ம் ஆண்டு ஈஸ்ட் பெங்காலுக்குத் தடை வந்தது. உலகக் கோப்பை வீரனாக இருந்தால் என்ன, கூலிக்காரனாக இருந்தால் என்ன? வேலை பார்த்தவனுக்குக் கூலி வந்தாக வேண்டும்.

2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அடுத்த முதலாளியாக ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் வந்தது. முதல்-மந்திரி மம்தா பானர்ஜி முன்னிலையில் அறிவிப்பு வெளியானது. ரசிகர்கள் பட்டாசு வெடித்தார்கள். முன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அணி சூப்பர் லீக்கில் சேர்ந்து ஆடவும் தொடங்கிவிட்டது.

ஆனால் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். "முன்னால் பேசியது வேறு, இப்போது எழுதி இருப்பது வேறு. இதில் கையெழுத்துப் போட்டால் உறுப்பினர்களின் உரிமை போய்விடும்" என்பது அவர்கள் வாதம். "கையெழுத்துப் போடாவிட்டால் இனி பணம் போடமாட்டோம்" என்றது நிறுவனம்.

2021-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி ரசிகர்கள் கிளப் டென்ட் முன்னால் திரண்டார்கள். "உடனே கையெழுத்துப் போடு" என்றது ஒரு கூட்டம். "கிளப்பை விற்காதே" என்றது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஒரே சிவப்பு-மஞ்சள் சட்டை. இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. போலீசார் தடியடி நடத்தினார்கள். பலரைப் பிடித்து வேனில் ஏற்றினார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் தாதா வாய் திறக்கவில்லை. அவருடைய மூத்த மகன் ஒரு கூட்டத்தில். இளைய மருமகன் இன்னொரு கூட்டத்தில். அன்று இரவு வீட்டில் இருவரும் ஒரே பந்தியில் உட்காரவில்லையாம்.

"மோகன் பகான்காரனோடு சண்டை போட்டிருக்கேன், தம்பி. அடுத்த நாள் அவனோடு டீ குடிப்பேன். எங்க ஆளுங்க எங்க ஆளுங்களையே அடிச்சு இதுவரை நான் பார்த்ததில்லை" என்றார் சாயங்காலம்.

மேஜை இழுப்பறையில் இருந்து உறுப்பினர் கார்டை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

ஆகஸ்டு மாதம் முதல்-மந்திரி தலையிட்டார். அந்த ஒரு பருவம் மட்டும் ஆடுவது என்று முடிவானது. அவசர அவசரமாகச் சேர்த்த அணி 20 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. 11 அணிகளில் கடைசி இடம். 2022-ம் ஆண்டு ஸ்ரீ சிமெண்ட் விலகியது.

படகின் மேல் மூன்று எழுத்து

இது ஈஸ்ட் பெங்கால் கதை. மோகன் பகான் ரசிகர்கள் சிரித்துக்கொண்டு இருந்தார்களா? இல்லை!

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம், மோகன் பகான் கால்பந்து கம்பெனியின் 80 சதவீதப் பங்கை ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் வாங்கியது. அதன் தலைவர் சஞ்சீவ் கோயங்கா. அந்தக் குழுமத்திடம் ஏற்கனவே 'ஏ.டி.கே.' என்ற சூப்பர் லீக் அணி இருந்தது. இரண்டையும் இணைத்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆக்கினார்கள். பச்சை-மெரூன் சட்டை மாறவில்லை. சின்னத்தில் உள்ள பாய்மரப் படகும் மாறவில்லை. ஆனால் படகின் மேல் அந்த மூன்று எழுத்து ஏறிக்கொண்டது.

வெளியார் பார்வையில் இது சின்ன விஷயம். பணம் போட்டவர் பெயர் போடக் கூடாதா என்று நானும் கேட்டேன். எங்கள் கேண்டீனில் டீ போடும் மோகன் பகான் ரசிகர் எனக்குப் பதில் சொன்னார்:

"பாபு, உங்க வீட்டுக் கடனை ஒருத்தர் அடைச்சாரு. சந்தோஷம். அதுக்காக உங்க அப்பா இனிஷியலை எடுத்துட்டு அவரோட இனிஷியலைப் போடச் சொன்னா போடுவீங்களா?"

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அது கொரோனா காலம். இரண்டு பருவங்கள் ஆட்டங்கள் எல்லாம் கோவாவில், ரசிகர்கள் இல்லாத வெற்று மைதானத்தில் நடந்தன. மைதானத்தில் கத்த வழி இல்லாத ரசிகர்கள், தெருவிலும் செல்போனிலும் கத்தினார்கள். 'ஏ.டி.கே.யை நீக்கு' என்பதே கோஷம். 2022-ம் ஆண்டு ஆட்டங்கள் கொல்கத்தா திரும்பின. கோஷமும் ஸ்டேடியத்துக்குள் வந்தது. எங்கள் டீக்காரர் புதிய சட்டையை வாங்கவே இல்லை. பத்து வருடத்துப் பழைய சட்டையைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

2023-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். பெங்களூர் அணியை பெனால்டியில் வென்று கோப்பை கிடைத்தது. அந்த வெற்றி இரவில் கோயங்கா, அடுத்த பருவம் முதல் ஏ.டி.கே. என்ற பெயர் இருக்காது, மோகன் பகான் சூப்பர் ஜெயண்ட் என்று இருக்கும் என்று அறிவித்தார். முன்னால் ஒட்டிய பெயர் போய், பின்னால் ஒரு பெயர் வந்தது. இருந்தாலும் ரசிகர்கள் அதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினார்கள். அன்றுதான் டீக்காரர் எல்லோருக்கும் இலவச டீ கொடுத்தார்.

அதன் பிறகு கோப்பைகள் குவிந்தன. 2024-25 பருவத்தில் லீக் ஷீல்டு, கோப்பை இரண்டும் மோகன் பகானுக்கே. கோப்பை வந்தால் நம்பிக்கை தானாக வந்துவிடுமா? அதுவும் இல்லை. 2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆசியப் போட்டி ஒன்றுக்கு ஈரான் போக அணி மறுத்தது. பாதுகாப்பு இல்லை என்று காரணம் சொன்னார்கள். போட்டியில் இருந்தே விலகியதாக அறிவிக்கப்பட்டது. முந்திய ஆண்டும் இதேபோல நடந்திருந்தது. அதே ரசிகர்கள் மீண்டும் நிர்வாகத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள்.

மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் கதையும் இதுதான். 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் சம்பளம் வரவில்லை என்று வீரர்கள் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். அந்தப் பருவத்தில் அணிக்குக் கடைசி இடம்.

ரசிகனுக்கு என்ன நஷ்டம்?

"டிக்கெட் காசு போனால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு அழுகை?" என்று வாசகர்கள் கேட்கலாம்.

என் தகப்பனார் ஊரில் ஒரு சீட்டுக் கம்பெனியில் பணம் கட்டி ஏமாந்தார். அந்தப் பணத்தை அவர் சில வருடங்களில் உழைத்துச் சம்பாதித்துவிட்டார். ஆனால் அதன் பிறகு எந்த மனிதரையும் முழுதாக நம்பவில்லை. அக்காள் கணவரிடம் நூறு ரூபாய் கொடுத்தாலும் சீட்டு எழுதி வாங்குவார். பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

கால்பந்து ரசிகனுக்கு அதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. சோப்பு சரியில்லை என்றால் வேறு சோப்பு வாங்கலாம். ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த ஓட்டல். ஈஸ்ட் பெங்கால் சரியில்லை என்று தாதா மோகன் பகானுக்குப் போக முடியுமா? செத்தாலும் முடியாது! முதலாளிக்கு இது தெரியும். 'இவன் எங்கே போகப் போகிறான்' என்ற தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலாளி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோடிக்கணக்கில் பணம் போடுகிறவன் கணக்குக் கேட்பான். நிர்வாகம் தன் கையில் வேண்டும் என்பான். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகிகள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் நாற்காலியை விடாதவர்கள் உண்டு. 2021-ம் ஆண்டு ஜூலையில் பாதி ரசிகர்கள் தங்கள் நிர்வாகிகளுக்கு எதிராகத்தான் கோஷம் போட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ரசிகன் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதி இருக்கிறது என்று ரசிகனுக்கு மட்டும் யாரும் காட்டவில்லை.

ஜெர்மனியில் ஒரு விதி இருக்கிறது. எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும், பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். இங்கிலாந்தில் விம்பிள்டன் என்ற கிளப்பை அதன் முதலாளிகள் வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002-ம் ஆண்டு அனுமதி வாங்கினார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து அழவில்லை. தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஒன்பதாவது படியில் இருந்து ஏறி, 2011-ம் ஆண்டு தொழில்முறை லீக்குக்கே வந்துவிட்டார்கள்.

கோவையில் என்ன ஆனது?

இப்போது சென்னை சிட்டிக்கு வருவோம். அந்த அணி கோவையைத் தன் ஊராக்கிக்கொண்டது. கோப்பையும் வென்றது. தமிழக இளைஞர்கள் பலர் அதில் ஆடினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப்கூட அதில் பங்கு வாங்கியது. ஆனால் அது முழுக்க முழுக்க பங்குதாரர்களின் அணி. சந்தா கட்டும் உறுப்பினர் இல்லை. தேர்தல் இல்லை. டென்ட் இல்லை. அணி நின்றபோது, வாசலில் போய் நின்று கத்துவதற்கு ஒரு வாசல்கூட இல்லை.

இது புதிது அல்ல. மும்பையில் உள்ள நம்மவர்களுக்கு மகிந்திரா யுனைடெட் அணியை நினைவிருக்கும். 2010-ம் ஆண்டு நிறுவனம் ஒரு அறிவிப்பு கொடுத்து அணியை மூடிவிட்டது. மறு ஆண்டு பஞ்சாபின் ஜே.சி.டி. அணியும் மூடப்பட்டது.

ஈஸ்ட் பெங்காலில் இருந்து குவெஸ் போனது. ஸ்ரீ சிமெண்ட் போனது. கிளப் இருக்கிறது. ஏனென்றால் தாதாவைப் போன்றவர்கள் கார்டை இழுப்பறையில் பூட்டி வைத்தார்களே தவிர, கிழித்துப் போடவில்லை.

சென்னைப் பையன்

2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இமாமி நிறுவனம் ஈஸ்ட் பெங்காலின் புதிய பங்குதாரர் ஆனது. இந்த முறை பட்டாசு குறைவுதான். "பார்க்கலாம்" என்றார் தாதா. அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டுக்குள் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்தது. நாலரை ஆண்டுகளாக அந்த வீட்டில் இலிஷ் மீனுக்கு ருசி இல்லை.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி டூரண்ட் கோப்பை ஆட்டம். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் தாதாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாதியில் வலது பக்கம் பந்தை வாங்கிய ஒரு பையன், உள்ளே வெட்டி வந்து இடது காலால் அடித்தான். கோல்! அந்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. கோல் போட்டவர் நந்தகுமார் சேகர். நம் சென்னைப் பையன்!

தாதா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நாலரை வருடத்துக்கு முன்னால் ரசகுல்லாச் சட்டியை என் மடியில் வைத்த அதே கைகள்.

"உங்க ஊர்க்காரன் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துட்டான், தம்பி!"

அடுத்த ஜனவரி 28-ந் தேதி புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம். ஒடிசா அணியை 3-2 என்று வென்று, 12 ஆண்டுகளுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஒரு தேசியக் கோப்பையைத் தூக்கியது. அன்றும் ஒரு கோல் நந்தகுமார் போட்டதுதான்.

தாதா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். விடைபெறும் நாளில் மேஜையைக் காலி செய்து கொடுத்தார். மூக்குக் கண்ணாடிக் கூடு, பழைய பேனாக்கள், அந்த உறுப்பினர் கார்டு. கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப இருக்கிற முதலாளியை நம்பறீங்களா, தாதா?" என்று கேட்டேன்.

"முதலாளியை நம்பறதா? அவரு இன்னிக்கு வருவாரு, நாளைக்குப் போவாரு" என்று சிரித்தார். "சந்தா கட்ட இந்த மாசம் கடைசி நாள். நீயும் வா, ஒரு பாரம் வாங்கித் தர்றேன்."

போனேன். டென்ட் வாசலில் வரிசை நீளமாக இருந்தது.